ஒரே ஒரு பாட்டு

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பள்ளிக்கூட நாட்களைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்றுதான் சங்கத்தில் கேட்டார்கள். பேசுகிறவர்கள் எல்லோரும் அதிபரைப் பற்றியும் ஆசிரியர்களைப் பற்றியும் பேசுவார்கள். அது அவர்களுக்கு உரிய மரியாதை. நான் ஒரு பாட்டைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அது கல்லூரிக் கீதமல்ல, தேவாரமுமல்ல. விடுதியில் பாடினால் திட்டு வாங்கித் தந்த பாட்டு. பெயரைச் சொன்னால் இந்த மண்டபத்தில் பாதிப் பேருடைய கால் தானாகத் தாளம் போடும். சுராங்கனி.

பார்த்தீர்களா, சிரிப்பு வந்துவிட்டது.

இதைப் பாடிப் பரப்பியவர் ஏ. ஈ. மனோகரன். நாம் அவரைப் 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்றோம். தமிழ்நாட்டில் 'சிலோன் மனோகர்' என்றார்கள். எழுபதுகளில் இலங்கைத் தமிழ் மேடைகளில் பொப்பிசை கொடிகட்டிப் பறந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' பாடாத கலியாண வீடு கிடையாது. கிற்றாரும் பொங்கோசும் வைத்துக்கொண்டு இளைஞர் கூட்டம் தமிழில் ஆடலாம், பாடலாம் என்று காட்டிய காலம் அது. மனோகரன் வேறு பல பாட்டுகளும் பாடினார். 1978-இல் வெளிவந்த 'வாடைக்காற்று' என்ற நமது நாட்டுத் திரைப்படத்தில் நடித்தார். செங்கை ஆழியானின் நாவல் அது. பிறகு சென்னைக்குப் போய்ப் பல படங்களில் நடித்தார். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அன்றைக்கு வந்த இரங்கல் செய்திகளில் அவருடைய பெயருக்குப் பக்கத்திலேயே இந்தப் பாட்டின் பெயரும் இருந்தது. இத்தனை செய்த மனிதரை உலகம் ஒரே ஒரு பாட்டால் ஞாபகம் வைத்திருக்கிறது.

இது அவருக்குப் பெருமையா, குறையா? எனக்கு நீண்ட நாள் இந்தக் கேள்வி இருந்தது. அதற்குப் பதில் தேடித்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

முதலில் இந்தப் பாட்டு எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். நான் யட்டியாந்தோட்டைப் பக்கத்தில் ஓர் இறப்பர் தோட்டத்துப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். எங்கள் லயத்தில் கரண்ட் இல்லை. பன்னிரண்டு காம்பராவுக்கும் சேர்த்து ஒரேயொரு பற்றரி ரேடியோ. அது எங்கள் அப்பாவுடையது. பற்றரி தீர்ந்துவிடும் என்று செய்திக்கும் பாட்டுக்கும் மட்டும்தான் போடுவார். இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில்தான் சுராங்கனி முதலில் எங்கள் இஸ்தோப்புக்கு வந்தாள்.

பாட்டின் தொடக்கம் சிங்களம். சுராங்கனி என்ற பெண்ணைக் கூப்பிட்டு, அவளுக்கு மீன் கொண்டு வந்திருக்கிறோம் என்று சொல்கிறது. அவ்வளவுதான் சங்கதி. மீதிக் கதையைத் தமிழ் பார்த்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்தாருக்கும் கொழும்பாருக்கும் இது வேடிக்கைப் பாட்டு. எங்களுக்கு அப்படியில்லை. 1973, 74-ஐ ஞாபகம் இருக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். மா இல்லை, பாண் இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கும் கிடைக்காத வீடுகள் இருந்தன. தோட்டங்களில் பட்டினியால் செத்தார்கள். எங்களுக்கு மீன் என்றால் கருவாடு, அதுவும் நெத்தலி. சம்பள வாரத்தில் மட்டும் அவிசாவளைப் பக்கமிருந்து ஒரு சிங்கள ஐயா சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருவார். 'மாளு, மாளு' என்று அவர் கத்துகிற சத்தம் கீழ் ரோட்டில் கேட்டால் லயமே எழுந்து ஓடும். சிங்களத்தில் நான் கற்ற முதல் சொல் அதுதான். ஆகவே, ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி 'உனக்கு மீன் வந்திருக்கிறது' என்று ஒருவர் பாடினால், அது எங்கள் காதுக்குக் காதல் பாட்டைவிட உயர்ந்த பாட்டு.

1973-இல் இந்த விடுதிக்கு வந்தேன். என் பக்கத்துக் கட்டில்காரி றக்குவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளை. அவளுக்குக் குரல் இருந்தது, எனக்குத் தாளம் இருந்தது. இரவு ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்த பிறகு நான் தகரப் பெட்டியின் மூடியில் மெல்லத் தட்டுவேன், அவள் போர்வைக்குள்ளிருந்து பாடுவாள். பிடிபட்டு, இரண்டு பேரும் முழங்காலில் நின்ற நாட்கள் உண்டு. போபத் எல்ல நீர்வீழ்ச்சிக்குச் சுற்றுலா போன பஸ்ஸில் மட்டும் யாரும் எங்களைத் தடுக்கவில்லை. தமிழ் மொழி வகுப்பும் சிங்கள மொழி வகுப்பும் ஒரே பஸ். சிங்களப் பகுதியை அவர்கள் எடுத்தார்கள், தமிழ்ப் பகுதியை நாங்கள் எடுத்தோம். முடிகிற இடம் வந்தால் யாராவது புதிதாக ஒரு சரணம் கட்டிவிடுவார்கள். கணித டீச்சரின் குடைக்கு ஒரு சரணம், விடுதிச் சொதிக்கு ஒரு சரணம். போகவர அந்த ஒரே பாட்டு.

இங்கே கொஞ்சம் நின்று, இந்தப் பாட்டு ஏன் சாகவில்லை என்று பார்ப்போம். இசை தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது பைலா வகை. போர்த்துக்கேயர் 1505-இல் இங்கே வந்தார்கள். அவர்களோடும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கர்களோடும் வந்த ஆட்டப் பாட்டு கரையோர மக்களிடம் தங்கிவிட்டது. பைலா என்ற சொல்லே ஆட்டம் என்ற போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்தியன் என்பவர் அதை எல்லோரும் சேர்ந்து பாடுகிற மேடைப் பாட்டாக்கினார். தாளம் ஆறு தட்டு, மூன்று மூன்றாகப் பிரியும். நம்முடைய திஸ்ர நடைதான் அது. கும்மி தட்டுகிற கைக்கும் கோலாட்டம் போடுகிற கைக்கும் அது புதிதல்ல. காமன் கூத்து ஆடின காலுக்கும் புதிதல்ல. கடலோரத்திலிருந்து மலைக்கு ஏறி வந்த பாட்டை எங்கள் கை உடனே அடையாளம் கண்டுகொண்டது.

இரண்டாவது, அதைப் பாட வாத்தியம் வேண்டாம். வாங்கு போதும், சாப்பாட்டுத் தகரம் போதும். ஓர் ஓர்கஸ்ரா தேவைப்படுகிற பாட்டு மேடையில் நின்றுவிடும். தகரம் போதுமான பாட்டு பஸ்ஸில் ஏறிப் போகும்.

மூன்றாவது, அந்தச் சரணங்கள். பைலாவில் 'வாத பைலா' என்று ஒன்று உண்டு. இரண்டு பேர் மேடையில் நின்று, ஒருவருக்கொருவர் அந்த இடத்திலேயே கட்டிப் பாடிப் போட்டியிடுவது. அந்தக் குணம் இந்தப் பாட்டுக்கும் ஒட்டியிருக்கிறது. முதலடி மாறாது, மற்றதெல்லாம் பாடுகிறவருடைய இஷ்டம். பாடுகிற ஒவ்வொரு கூட்டமும் அதைத் தன்னுடைய பாட்டு என்று நினைத்துக்கொள்கிறது.

நான்காவது, விளங்காமை. இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடாது. அமெரிக்காவில் 'லூயி லூயி' என்று ஒரு ரொக் பாட்டு உண்டு. ரிச்சட் பெரி என்பவர் 1955-இல் எழுதினார். வீட்டுக்குத் திரும்ப ஏங்கும் ஒரு மாலுமியின் புலம்பல், மிகச் சாதுவான பாட்டு. 1963-இல் 'கிங்ஸ்மென்' என்ற இளைஞர் குழு அதை அவசரமாக ஒலிப்பதிவு செய்தது. பாடினவரின் உச்சரிப்பு ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்காத இடத்தில் ஏதோ ஆபாசம் இருக்கிறது என்று பெற்றோர் முறைப்பாடு செய்ய, எஃப்.பி.ஐ. வரை போய் விசாரணை நடந்தது. கடைசியில் அவர்களுக்கும் விளங்கவில்லை என்றுதான் முடிந்தது. அந்தக் குழு வேறு பாட்டுகளும் பாடியிருக்கிறது. ஆனால் உலகம் அவர்களை அந்த ஒன்றால்தான் அறியும். எழுதிய பெரியோ 750 டொலருக்கு அதன் உரிமையை விற்றுவிட்டிருந்தார். பல வருடங்களுக்குப் பிறகுதான் அவருக்குரிய பங்கு கிடைத்தது. பாட்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் பாடினவரை விட்டும் விலகிப் போகிறது போலும்.

சுராங்கனியும் அப்படித்தான் போனாள். 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழ்நாட்டுப் படத்தில், இளையராஜாவின் இசையில் அவள் வந்தாள். மலையாளத்துக்குப் போனாள், இந்திக்குப் போனாள். போகிற வழியில் சிங்களம் வாய் மாறிவிட்டது. சுராங்கனிக்கு என்று பொருள் தருகிற சிங்கள உருபு, தமிழ் வாயில் நம்முடைய 'க்கு' மாதிரி ஏதோ ஆகிவிட்டது. கடைசிச் சொற்களுக்குப் பொருள் என்ன என்று தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது. தெரியாமலேயே ஐம்பது வருடமாகப் பாடுகிறார்கள்.

இனி நான் சொல்ல வந்த கதை.

1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர். அவர்களில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். எங்களை ஒருவரும் கேட்கவில்லை. 1976-இல் என் பக்கத்துக் கட்டில்காரியின் குடும்பத்துக்கு நாள் வந்தது. தவணை நடுவில் அவளுடைய தகப்பன் வந்து கூட்டிப்போனார். விடுகைப் பத்திரம் வாங்கக்கூட நேரமில்லை. தலைமன்னாருக்குப் போகிற ரயிலை நம் சனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். அவள் அதில் ஏறி, இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இறங்கினாள். போகும்போது என்னிடம், 'பெட்டி மூடியைத் தட்டாம இருக்காதே புள்ள' என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வருடம், 1977 ஆகஸ்ட். சப்ரகமுவத் தோட்டங்களில் இருந்தவர்களுக்கு அந்த மாதத்தை விளக்கத் தேவையில்லை. நாங்கள் நான்கு இரவு இறப்பர் மலைக்குள் படுத்தோம். திரும்பி வந்தபோது கூரை இல்லை, ரேடியோவும் இல்லை. எங்களை ஒளித்துவைத்துச் சோறு கொடுத்தவரும் சிங்களவர், கூரையை எரித்தவர்களும் சிங்களவர்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது உண்மை. எங்கள் தோட்டத்திலிருந்து எத்தனையோ குடும்பம் வவுனியா, கிளிநொச்சி என்று போய்விட்டது. அப்பா போகவில்லை. ஆனால் அதன் பிறகு அந்தப் பாட்டை வீட்டில் பாடக்கூடாது என்று சொல்லிவிட்டார். 'பாதிச் சிங்களம் பாதித் தமிழ். ரெண்டு பக்கமும் அடி விழும்' என்றார்.

பள்ளிக்கூடம் திறந்தபோது விடுதியில் பல கட்டில்கள் வெறுமையாக இருந்தன. சிங்கள மொழி வகுப்புப் பிள்ளைகளும் நாங்களும் பேசுவதை விட்டுவிட்டோம். சண்டை ஒன்றும் இல்லை, பேச்சுத்தான் இல்லை. அடுத்த வருட விளையாட்டுப் போட்டியன்று நம் ஊர் மழை கொட்டியது. எல்லோரையும் இந்த மண்டபத்துக்குள் அடைத்தார்கள். அவர்கள் அந்தச் சுவரோரம், நாங்கள் இந்தச் சுவரோரம். இரண்டு மணித்தியாலம் மழைச் சத்தம் மட்டும்தான். அப்போது அந்தப் பக்கத்தில் யாரோ வாங்கில் தட்டத் தொடங்கினாள். ஆறு தட்டு, மூன்றும் மூன்றும். யாரும் பாடவில்லை. வெகுநேரம் அந்தத் தட்டு மட்டும் கேட்டது. எனக்குக் கை துடித்தது, அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. பிறகு நானும் தட்டினேன். அவர்கள் சுராங்கனியைக் கூப்பிட்டார்கள். எங்கள் சரணம் வரும் இடத்தில் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் பாடினோம்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். 1981 வந்தது, 1983 வந்தது. ஒரு பாட்டு ஒரு கூரையையும் காப்பாற்றாது. ஆனால் அன்று அவர்கள் தங்கள் பகுதியைப் பாடிவிட்டு எங்களுக்காக இடம் விட்டார்கள். இத்தனை வயதுக்குப் பிறகும் அந்த ஒரு கணம் எனக்குப் பெரிதாகத்தான் தெரிகிறது. அந்தப் பாட்டு இரண்டு பேர் இல்லாமல் முடியாது. அது அப்படிக் கட்டப்பட்ட பாட்டு.

2012-இல் உறவில் ஒரு கலியாணத்துக்கு நீலகிரி போனேன். கூடலூர்ப் பக்கம் டான்டீ தோட்டங்கள் இருக்கின்றன. இங்கிருந்து போனவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாட்டு அரசு போட்ட தேயிலை. விசாரித்து விசாரித்து, முப்பத்தாறு வருடத்துக்குப் பிறகு என் பக்கத்துக் கட்டில்காரியைக் கண்டுபிடித்தேன். கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றிருந்தாள். இரண்டு பேரும் அழுது முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பிறகு அவள் பேரனைப் பற்றிச் சொன்னாள். அந்த ஊரில் இவர்களைச் 'சிலோன்காரங்க' என்றுதான் சொல்வார்களாம். இங்கே இந்தியாக்காரர்கள், அங்கே சிலோன்காரர்கள். பேரனுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போனவன், ஒருநாள் சுற்றுலா முடிந்து வந்து சுராங்கனி பாடியிருக்கிறான். பாட்டி கூடவே முழுவதையும் பாடியிருக்கிறாள். அவன் திகைத்துப்போய், 'இது உனக்கு எப்படி பாட்டி தெரியும்?' என்று கேட்டிருக்கிறான். 'இது எங்க ஊர்ப் பாட்டுடா. மாளுன்னா மீனு' என்றாளாம். அடுத்த நாள் அவன் கல்லூரிக்குப் போய் வகுப்பு முழுவதுக்கும் பொருள் சொல்லியிருக்கிறான். தன் வீடு சிலோன் வீடு என்று அவன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவையாம்.

அன்பானவர்களே, ஒரே ஒரு பாட்டால் ஞாபகம் வைக்கப்படுவது பெருமையா குறையா என்று கேட்டேன். அந்த வீட்டில் எனக்குப் பதில் கிடைத்தது. நூறு பாட்டுப் பாடி ஒன்றும் ஒட்டாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். மனோகரனின் ஒரு பாட்டு, அவர் கண்டேயிராத ஒரு லயத்துப் பிள்ளையின் பேரனுக்குத் தன் ஊரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. நம் ஆசிரியர்களையும் நாம் அப்படித்தானே வைத்திருக்கிறோம்? ஒருவரை ஒரு வாய்ப்பாட்டுக்காக, ஒருவரை ஒரு குறளுக்காக, ஒருவரைக் காய்ச்சல் இரவில் தந்த கொத்தமல்லித் தண்ணீருக்காக. ஆளுக்கு ஒன்று போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தின் பெயர்ப் பதிவேட்டை இந்த மலருக்காகப் புரட்டிப் பார்த்தேன். இலண்டன் இருக்கிறது, ரொறன்ரோ இருக்கிறது, மெல்பேர்ன் இருக்கிறது. சந்தோஷம். கூடலூர் இல்லை. கோத்தகிரி இல்லை. கிளிநொச்சி இல்லை. தவணை நடுவில் போனவர்களை, விடுகைப் பத்திரம் வாங்காமல் போனவர்களை, நாம் எழுதவே இல்லை. அவர்கள் பழைய மாணவியர் இல்லையா? பழைய வரவுப் பதிவேடுகள் காரியாலய அலுமாரியில் இன்னும் இருக்கின்றன. யாருடைய பெயருக்கு நேரே திடீரென்று கோடு நின்றுவிடுகிறதோ, அந்தப் பெயரை எடுங்கள். உங்கள் வகுப்பில் கப்பலேறியவள் யார், வன்னிக்குப் போனவள் யார் என்று யோசித்துச் செயலாளருக்கு எழுதுங்கள். முகவரி இல்லாவிட்டாலும் பெயரை எழுதுங்கள்.

முதல் பெயரை நான் கொடுத்துவிட்டேன். அவளிடம் கேட்டுத்தான் கொடுத்தேன். தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னபோது சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டது ஒரு தகரத்தில் யாரோ தட்டுகிற ஓசை.

ஆறு தட்டு. மூன்றும் மூன்றும்.